பயன்பாடற்ற இணைப்பு

முதலில் என் பக்கத் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் நான் ‘அவசரம்’ என்று எழுதவில்லை, ‘முடிந்தால்’ என்று எழுதினேன். மரியாதைக்காக எழுதிய அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, முடியுமா முடியாதா என்று குழு ஐந்து மாதம் ஆராய்ந்தது பின்னால்தான் தெரிந்தது. இரண்டாவது, நான் கேட்டது மிகவும் சின்ன விஷயம். பெரிதாக ஏதாவது கேட்டிருந்தால் முதல் வாரமே மறுத்திருப்பார்கள். நானும் வேறு வேலை தேடியிருப்பேன்.

நான் கேட்டது ஒரு கழிப்பறை. தரைத்தளத்தில், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடியதாக, உள்ளேயே கை கழுவும் தொட்டியும் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பலகையும் உள்ளதாக. அவ்வளவுதான்.

காரணத்தையும் சொல்ல வேண்டும். பிறக்கும்போதே என் முதுகெலும்பில் ஓர் இடம் மூடாமல் இருந்தது. முதுகெலும்புப் பிளவு என்று பெயர். டாக்டர்கள் ஸ்பைனா பைஃபிடா என்பார்கள். பிறந்த மறுநாளே தைத்து மூடினார்கள். ஆனாலும் அந்த இடத்துக்குக் கீழே போகும் நரம்புகள் சில வேலை செய்யும், சில செய்யாது. கால்களுக்குக் கவசம், கைகளுக்கு இரண்டு ஊன்றுகோல். இவை வெளியே தெரிவதால், இவைதான் என் பிரச்சினை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தெரியாமல் இருப்பது சிறுநீர்ப்பை. அது நிறைந்தால் எனக்குத் தகவல் வராது, தானாகக் காலியும் ஆகாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய குழாய் ஒன்றை நானே செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். காலை ஆறரை, பத்தரை, பகல் இரண்டரை, மாலை ஆறரை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை. கை சுத்தமாக இருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் ஆகும். தள்ளிப்போட்டால் கிருமி சேரும், சிறுநீர் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். என் இடது சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் கெட்டிருக்கிறது. மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள் என்பதுதான் ஒவ்வொரு முறையும் டாக்டர் சொல்லும் ஒரே அறிவுரை.

பத்தரையும் இரண்டரையும் அலுவலக நேரத்தில் வருகின்றன. நான் வேலை செய்வது நீர் வழங்கல் வாரியத்தில், வாசிப்புப் பதிவுப் பிரிவில். ஊரில் உள்ள வீடுகளின் தண்ணீர் மீட்டர் எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. பெண்கள் கழிப்பறை முதல் மாடியில். பத்தொன்பது படிகள். அதன் தாழ்ப்பாள் கழன்று போயிருந்ததால், உள்ளே போகிறவர் பாட்டுப் பாட வேண்டும் என்பது ஏற்பாடு. கை கழுவும் தொட்டி வெளியே நடைபாதையில். நான் அங்கே இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்றாவது முறையிலிருந்து அங்கே போகாமல் இருக்க, காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். என் மேசைக்கு எதிரே வாரியத்தின் சுவரொட்டி ஒன்று உண்டு. அதில் ஒரு பெண் கண்ணாடி டம்ளரை உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் என்று எழுதியிருக்கும்.

விண்ணப்பப் படிவத்தில் சாய்தளம், சிறப்பு நாற்காலி, கைப்பிடி, பெரிய எழுத்துத் திரை என்று கட்டங்கள் இருந்தன. கழிப்பறை இல்லை. கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு விரல் நீளக் கோடு. நல அலுவலர் என் படிவத்தைப் பார்த்து வருத்தப்பட்டார். நல்ல மனிதர், எப்போதும் வருத்தப்படுவார். மற்றவையில் மட்டும் எழுதினால் கணினி ஏற்றுக்கொள்ளாது, வேறு ஏதாவது ஒன்றிலும் குறி போடுங்கள் என்றார். நாற்காலியில் போட்டேன். நாற்காலி நான்காம் நாள் வந்துவிட்டது. அதில் உட்கார்ந்தபடி மீதிக்குக் காத்திருந்தேன்.

மூன்றாவது மாதம் பணியிட வசதிக் குழு என்னை அழைத்தது. நல அலுவலர், கட்டடப் பொறியாளர், குழு என்றால் மூன்று பேர் வேண்டும் என்பதால் மூன்றாம் உறுப்பினர் ஒருவர். நான் விளக்க ஆரம்பித்ததும் பொறியாளர் பேனா மூடியைக் கழற்றி மாட்டத் தொடங்கினார். குழாய் என்ற சொல் வந்ததும் மூன்று பேரும் மேசையைப் பார்த்தார்கள். நாள் முழுக்கக் குழாயைப் பற்றியே பேசுகிறவர்கள்.

முதலில் பேசியவர் மூன்றாம் உறுப்பினர். “பழகிட்டா சரியாப் போயிடாதா? நான் முன்னெல்லாம் மணிக்கொரு தடவை டீ குடிப்பேன். இப்ப ரெண்டுதான்.”

அது பழக்கத்தில் வருவதில்லை, நரம்பில் வருவது என்றேன்.

“சரி, ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துப் பண்ண முடியாதா?” என்று பொறியாளர் கேட்டார். “பத்தரையையும் ரெண்டரையையும் சேர்த்து பன்னெண்டரைக்கு வச்சுக்கிட்டா சாப்பாட்டு நேரத்துலயே முடிஞ்சிடும். யாருக்கும் தொந்தரவு இல்ல.”

கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. பத்தரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் பன்னிரண்டரைதான் வரும். நான் சும்மா இருந்ததை ஒத்துழைப்பு என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

முடிவில் நல அலுவலர் எழுந்து நின்று பேசினார். நாங்கள் நான்கே பேர் இருந்த அறையில் எழுந்து நின்று பேசினார். “இந்த வாரியம் ஒரு குடும்பம்மா. குடும்பத்துல ஒருத்தருக்குக் கஷ்டம்னா மத்தவங்க சும்மா இருக்க மாட்டாங்க. கூட்டம் போடுவாங்க. உங்களுக்காக நாங்க எத்தனை கூட்டம் வேணும்னாலும் போடத் தயார்.”

அந்த மாதங்களில் மாலை வகுப்பும் போய்க்கொண்டிருந்தேன். புள்ளியியல். அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பள்ளிக்கூடம். முதல் நாள் வாசலிலேயே வாட்ச்மேன் என் ஊன்றுகோல்களைப் பார்த்தார். ஆறரை மணிக்குக் கீழ்த்தளத்தில் கழிப்பறை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். ஏன், எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்றெல்லாம் அவர் கேட்பார் என்று பதில்களை மனதில் அடுக்கி வைத்திருந்தேன். டாக்டர் கடிதத்தின் நகல்கூடப் பையில் இருந்தது.

“ஆசிரியருங்களோடது இருக்கு. சாவி அந்த ஆணியில தொங்கும். எடுத்துக்கோம்மா, போறப்ப மாட்டிட்டுப் போ,” என்றார்.

கடிதத்தைக் காட்டட்டுமா என்று கேட்டேன். எதுக்கு என்றார். எனக்கே சந்தேகமாகிவிட்டது. ஏதோ விதியை மீறுகிறோமோ என்று அந்த வாரம் முழுவதும் பயந்துகொண்டே சாவியை எடுத்தேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில் அனுமதி வந்தது. தரைத்தளத்தில், என் பிரிவுக்கு எதிரிலேயே, பழைய மீட்டர்களைக் குவித்து வைத்திருந்த ஓர் அறை உண்டு. அது ஒரு காலத்தில் கழிப்பறைதான். மீட்டர்களை வெளியே எடுத்துப் போட்டு அறையைச் சீர்செய்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. வாரியக் கட்டடத்துக்குள் மீட்டர் இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது என்பது விதி. ஊருக்கெல்லாம் மீட்டர் பொருத்துகிறவர்கள் தங்கள் வீட்டில் பொருத்தாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அதனால் அந்த அறைக்குத் தனி இணைப்பு, தனி எண், தனி மீட்டர். அந்த எண்ணைக் கணினியில் ஏற்றியவளும் நான்தான். என் கையாலேயே ஏற்றியதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திறப்பு விழா வைத்தார்கள். நாடா, மேடை, நடைபாதை நெடுக நூற்றுக்கணக்கில் பலூன்கள். என்னைப் போலப் பிறந்தவர்களில் பலருக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளாது. பலூன் அருகே போனால் எனக்கு முகம் வீங்கி மூச்சு முட்டும். இதை விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் எழுதியது என் தவறாக இருக்கலாம். நான் கட்டடத்துக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றபடி கைத்தட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பயனாளி இல்லாமல் படம் எடுக்க முடியாது என்று புகைப்படக்காரர் சொல்லிவிட்டாராம். நல்லவேளையாக, தட்டச்சுப் பெண் ஒருத்தி முந்தின வாரம் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு கட்டுடன் வந்திருந்தாள். அவளை நிற்கவைத்துச் சாவியைக் கொடுத்தார்கள். ஆண்டறிக்கையின் அட்டையில் இருப்பது அவள்தான். மறுநாள் என்னிடம் சாவியைத் தரும்போது அவள் கேட்டாள், “கோச்சுக்காதீங்க. சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன். நல்லா வந்திருக்கேனா?”

நன்றாகத்தான் வந்திருந்தாள்.

அந்த அறையைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். பலகை சரியாக என் இடுப்பு உயரத்தில் இருந்தது. தாழ்ப்பாள் ஒரு விரலால் தள்ளினால் போதும், வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். ஜன்னலின் மேல்பாதியில் வெளிச்சம் வரும். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பத்தரைக்கும் இரண்டரைக்கும் எழுந்து போவேன், பதினைந்து நிமிடத்தில் திரும்பி வருவேன். காலையில் எழுந்ததும் ஒரு பெரிய செம்பு தண்ணீர் குடித்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் செம்பு மேசைமேல் நிறைந்து இருந்தது.

முதல் மாத வாசிப்பு வந்தது. என் மேசைக்குத்தான் வர வேண்டும், வந்தது. 0.352 அலகு.

எங்கள் வாரியத்தில் ஓர் அலகு என்பது ஆயிரம் லிட்டர். மாதம் ஓர் அலகுக்குக் கீழே ஓடும் இணைப்பு ‘பயன்பாடற்ற இணைப்பு’. தொடர்ந்து இரண்டு மாதம் அப்படி இருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். வால்வை மூடிவிடுவார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்காக எழுதிய விதி. கழிப்பறைக்கும் சேர்த்து எழுதப்பட்டதா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கணினிக்கு இல்லை.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு தடவைக்கு ஃப்ளஷ் ஆறு லிட்டர், கை கழுவ இரண்டு. நாளைக்குப் பதினாறு. இருபத்திரண்டு வேலை நாளுக்கு முந்நூற்று ஐம்பத்திரண்டு. மீட்டர் துல்லியமாக ஓடியிருந்தது. எனக்கு முன்னால் எண்ணும் திரையும் இருந்தன. 0.352 இருந்த இடத்தில் 1.352 என்று போட்டால் யாருக்கும் தெரியாது. போடவில்லை. இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. மாட்டிக்கொள்வேனோ என்ற பயம், அவ்வளவுதான்.

கணினி தானாகவே நோட்டீஸ் அச்சிட்டது. ‘வீட்டு உரிமையாளருக்கு: உங்கள் வீட்டில் யாரும் வசிக்கவில்லை எனத் தெரியவருகிறது.’ அலுவலக உதவியாளர் அதைக் கழிப்பறைக் கதவில் ஒட்டினார். ஒட்டும்போது நான் உள்ளே இருந்தேன்.

நல அலுவலரிடம் போனேன். அவர் வருத்தப்பட்டு உடனே குழுவைக் கூட்டினார். இந்த முறை எல்லோரும் என்மீது மிகவும் அக்கறையாக இருந்தார்கள்.

“நீங்க இன்னும் கொஞ்சம் அடிக்கடி போகலாமேம்மா,” என்றார் பொறியாளர். “அஞ்சு, ஆறு தடவை. உங்களுக்காகத்தானே கட்டினது? கூச்சப்படாதீங்க.”

மூன்றாம் உறுப்பினர் ஒத்துக்கொள்ளவில்லை. அனுமதி இரண்டு தடவைக்கு மட்டும்தான், ஆறு தடவை விட்டால் நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்கள் என்றார். மற்ற பெண்களும் அந்த அறைக்கு வந்து போகலாமே என்று நான் சொன்னேன். தட்டச்சுப் பெண் கேட்டிருந்தாள், அவளுக்குக் கணுக்கால் இன்னும் வலிக்கிறது. அது முடியாது. இது பொதுக் கழிப்பறை இல்லை, தனிநபர் வசதி. பலர் பயன்படுத்தினால் வசதி என்ற தகுதியை இழந்துவிடும். பயன்படுத்தாவிட்டால் இணைப்பை இழந்துவிடும். இரண்டையும் குறிப்பில் எழுதிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்கள்.

வெளியே வரும்போது நல அலுவலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா குழாய் திறந்தா தண்ணி ஓடும், தண்ணி ஓடினா மீட்டர் ஓடும். நீங்க படிச்ச பொண்ணு.”

படித்த பெண் மறுபடி காகிதம் எடுத்தாள். ஆயிரத்தைத் தொட நாளைக்கு நாற்பத்தாறு லிட்டர் வேண்டும். பதினாறு போக முப்பது. ஒரு தடவைக்குப் பதினைந்து. பதினைந்து லிட்டர் வாளி ஒன்று வாங்கிவந்து அறையில் வைத்தேன். பத்தரைக்கு ஒரு வாளி பிடித்துக் கீழே சாய்ப்பேன், இரண்டரைக்கு ஒரு வாளி. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாளி விளிம்பைத் தள்ளுவேன். தண்ணீர் துளைக்குள் சுழன்று போகும். பிறகு மேசைக்கு வந்து, வடக்குப் பக்கத் தெருக்களின் வாசிப்புகளை ஏற்றுவேன். அந்தத் தெருக்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். அங்கே ஆறு பேர் உள்ள வீட்டின் மாதக் கணக்கு இரண்டு அலகு.

வீணாகப் போகிறதே என்று ஒரு நாள் வாளித் தண்ணீரை வாசலில் இருந்த பூந்தொட்டிகளுக்கு ஊற்றச் சொல்லி உதவியாளரிடம் கொடுத்தேன். பொறியாளர் பார்த்துவிட்டார். தொட்டிகள் தோட்ட இணைப்பைச் சேர்ந்தவை, ஓர் இணைப்பின் தண்ணீரை இன்னோர் இணைப்புக்கு மாற்றுவது தண்டனைக்குரிய குற்றம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கீழே ஊற்றலாமா என்று கேட்டேன். தாராளமாக ஊற்றலாம், அது பயன்பாடு என்றார்.

இரண்டாம் மாத வாசிப்பு 1.012. மூன்றாம் மாதமும் 1.012.

அந்த வாரம் கசிவு ஆய்வாளர் வந்தார். ஊர் முழுக்கக் குழாய்களில் கசிவு கண்டுபிடிப்பது அவர் வேலை என்பதால் சொட்டு சார் என்று பெயர். நீளமான இரும்புக் கம்பி ஒன்று எப்போதும் கையில் இருக்கும். ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்தால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். முப்பத்தைந்து வருடமாகக் கேட்டுக்கேட்டு அவருக்கு மனிதர்கள் பேசுவது கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும். என் மேசைமேல் ஒரு தாளை வைத்தார்.

“பாரும்மா, மனுஷங்க தண்ணி செலவழிச்சா ஒரு மாசம் கூடும், ஒரு மாசம் குறையும். புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கமும் ஒரே மாதிரி வந்தா ஒண்ணு அது கசிவு, இல்ல யாரோ அளந்து ஊத்துறாங்க.” கம்பியைச் சுவரில் சாத்தினார். “எது?”

எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கமாக, தேதிவாரியாகச் சொன்னேன். நடுவில் அவர் என் கழுத்துச் சாவியைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார். அவருக்கு எல்லாம் கேட்டதா என்று தெரியவில்லை. ஆனால் மறுபடி சொல்லச் சொல்லவில்லை.

“நான் எதையாவது எழுதியாகணும். தப்பான பயன்பாடுன்னு எழுதினா மெமோ உனக்கு வரும். கசிவுன்னு எழுதினா குழாய்க்கு வரும். எதை எழுதட்டும், நீயே சொல்லு.”

யோசிக்க ஒரு நாள் கேட்டிருக்கலாம். அது என் மூன்றாவது தவறு. வேலை போய்விடுமோ என்ற பயத்தில், குழாய்க்கே எழுதுங்கள் சார் என்றேன். அவரும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு எழுதினார். இருவருமே கசிவு விதியின் நான்காம் பிரிவை அப்போது நினைக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் அதன்படியே வேலை செய்தவர் அவர், கசிவு இணைப்புகளுக்கு அதை வாரம் ஒரு முறையாவது கணினியில் ஏற்றுகிறவள் நான்.

நான்காம் பிரிவின்படி, கசிவு பதிவான இணைப்பின் வால்வை மூடி, அறைக்குக் கம்பியும் ஈயமும் வைத்துச் சீல் போட வேண்டும். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் சீலை எடுக்கலாம். இந்தக் குழாயில் கசிவு இல்லை. இல்லாத கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்காததை அடைக்க முடியாது. மறுநாள் காலை கதவில் சீல் தொங்கியது. சாவி என் கழுத்திலேயே இருந்தது, அதைத் திரும்பப் பெறும் விதி எதுவும் இல்லை.

மறுபடி தண்ணீரை நிறுத்தினேன். அம்மா வைக்கும் செம்பை அவர் பார்க்காத நேரத்தில் தொட்டியில் கொட்டினேன், கொட்டிப் பழகியிருந்தேனே. ஏழாவது வாரம் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வாசிப்பு ஏற்றினேன். மூன்றாம் நாள் மேசையிலேயே குளிரில் பல் கிட்டி விழுந்தேனாம்.

மருத்துவமனையில் ஒன்பது நாள். இடது சிறுநீரகம் சுருங்கிவிட்டது, இனி அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்றார் டாக்டர். வலதை வைத்துத்தான் இனி எல்லாம். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று கடிதத்தில் அடிக்கோடிட்டுத் தந்தார்.

ஆறாம் நாள் நல அலுவலர் பூங்கொத்தும் மருத்துவ விடுப்புப் படிவமுமாக வந்தார். ‘நோய்க்குப் பணியிடம் காரணமா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று ஏற்கெனவே குறி போட்டிருந்தது. கையெழுத்து மட்டும் நான் போட வேண்டும்.

அம்மா படிவத்தை வாங்கிப் பார்த்தார். “இல்லைன்னு யாரு போட்டது?”

“நாங்கதான்மா, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு. வசதி இல்லாம வந்த நோய்னா எங்க பொறுப்பு. வசதி குடுத்தப்புறம் வந்த நோய்க்கு வசதி எப்படிம்மா காரணமாகும்?” அவர் உண்மையாகவே குழம்பியிருந்தார். “ஆண்டறிக்கைல பாருங்க. வசதி கேட்டவர் ஒருத்தர், பெற்றவர் ஒருத்தர். நூறு விழுக்காடு. வேற எந்த வாரியத்துலயும் இப்படி இல்ல.”

அம்மா பூங்கொத்தைத் தண்ணீர் ஜாடியில் வைத்தார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். “பேனா இல்லீங்க,” என்றார். நல அலுவலர் தன் பேனாவை நீட்டினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் கையெழுத்து நான் போட்டேன். விடுப்பு வேண்டுமே.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பத்தரைக்கு, சொட்டு சார் கம்பியும் வாளியுமாக வந்து நின்றார். வாளியில் தண்ணீர் இருந்தது.

“கசிவு சோதனை,” என்று நடைபாதைக்கே கேட்கும்படி சொன்னார். சீலைக் கத்தரித்தார். என் பக்கம் திரும்பாமல் மெதுவாகச் சொன்னார், “நல்லதுன்னு நினைச்சுதான்மா எழுதினேன். போ. கால்மணி நேரம் நான் குழாயைக் கேட்டுக்கிட்டிருப்பேன்.”

வாளியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து, கம்பியைச் சுவரில் ஊன்றிக் காதில் வைத்தபடி, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். வால்வு மூடிய குழாய், அதில் கேட்க ஒன்றும் இல்லை. நான் வெளியே வந்ததும் புதுக் கம்பியும் ஈயமும் வைத்துச் சீல் போட்டார். ‘கசிவு கேட்கவில்லை. தேடல் தொடர்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டரைக்கு மறுபடி வந்தார்.

இப்படி ஐம்பத்தொரு வேலை நாட்கள். ஊரின் மறுகோடியில் இருந்தாலும் பத்தரைக்கு வந்துவிடுவார். அவர் மழையில் நனைந்து வந்த நாட்களும் உண்டு. நாங்கள் அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு முறை, செம்புத் தண்ணீரை முழுதும் குடிக்கிறாயா என்று கேட்டார். குடிக்கிறேன் என்றேன். அது உண்மை. அடுத்த பரிசோதனையில் வலது சிறுநீரகம் நன்றாக இருந்தது.

ஐம்பத்தொன்றாம் நாள் அவருக்குப் பணி ஓய்வு. எனக்கு அது தெரியும், எல்லோருக்கும் தெரியும், பட்டியலில் தேதி இருந்தது. நல அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டேன், இந்த முறை ‘அவசரம்’ என்று எழுதினேன். அவசர விண்ணப்பங்களுக்குத் தனிக் குழு இருக்கிறது, அது இன்னும் அமைக்கப்படவில்லை என்று பதில் வந்தது.

பிரிவு உபசாரக் கூட்டத்தில் பலூன் இல்லை. சொட்டு சார் வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். நல அலுவலர் பேசினார்.

“ஒரே ஒரு கசிவு. ஒரு சின்ன அறை. அதுக்காக நூத்திரண்டு தடவை சோதனை. கிடைக்கலை, ஆனாலும் விட்டாரா? இப்படி ஒரு அர்ப்பணிப்பை நான் பார்த்ததில்ல. ஒவ்வொரு சொட்டும் முக்கியம்னு நாம எல்லாரும் சொல்றோம். அவர் ஒருத்தர்தான் நம்பினார்.”

கைத்தட்டல் அடங்கியதும் சொட்டு சாரைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்தார்.

“கசிவு அந்த அறையில இல்லீங்க,” என்றார். “முதல்லேர்ந்தே இல்ல.”

அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். போகும்போது இரும்புக் கம்பியை என் மேசைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். வாரியத்துடையது இல்லை, சொந்தமாக வாங்கியது என்றார். நான் பதிலுக்குக் கொடுக்க ஒன்றும் கொண்டுவரவில்லை. கழுத்துச் சாவியைத் தொட்டுப் பார்த்தேன். அது கொடுக்கக்கூடிய பொருள் இல்லை.

திங்கட்கிழமை காலை நல அலுவலரின் குறிப்பு மேசைமேல் இருந்தது. கசிவு ஆய்வாளர் பதவி நிரப்பப்படும்வரை சோதனை நிறுத்தி வைக்கப்படுகிறது, பணியாளருக்கு வழங்கப்பட்ட வசதி தொடர்ந்து நடைமுறையில் உள்ளது.

பத்தரைக்குப் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். ஓர் ஊன்றுகோலுக்குப் பதிலாகக் கம்பியை எடுத்துக்கொண்டு அந்தக் கதவுவரை போனேன். சீல் அவர் வெள்ளிக்கிழமை போட்டபடியே இருந்தது. கம்பியைச் சுவரில் ஊன்றி, அவர் செய்வது போல மறுமுனையைக் காதில் வைத்தேன். எங்கள் குழாயில் சத்தமே இல்லை. ஆனால் சுவருக்குள் மேலே எங்கோ, இரண்டாம் மாடியில் கூட்ட அறைப் பக்கமாக, யாரோ குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் ஓடியது. நிதானமாக, நெடுநேரம் ஓடியது.

மேசைக்குத் திரும்பினேன். காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வந்த பாட்டிலில் முக்கால்வாசி மீதமிருந்தது. அதை மூடி இழுப்பறையில் வைத்துவிட்டு, வடக்குப் பக்கத் தெருக்களின் வாசிப்பை எடுத்தேன்.